கம்பத்தில் காகம்

"முதல்ல அந்தக் காக்காயை விரட்டுங்க!" குல்வந்த் சிங் இந்தியில் கத்தியபடி மேஜையைத் தட்டினார்.

ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன. காகம் உட்கார்ந்திருந்தது மேதாவின் லேப்டாப்பில், அவள் வரைந்த லோகோவின் உச்சியில்.

சேஷன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தில்லி கரோல் பாக்கின் அந்தச் சந்தில் பஞ்சாபி, வங்காளி, தமிழர், முஸ்லிம் என்று எல்லாரையும் இழுத்துப் பிடித்துக் குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்தவர் அவர்தான். அது இப்போது ஒரு லோகோவாலேயே உடைந்துவிடும் போலிருந்தது. இன்றும் முடிவாகாவிட்டால் விலகிவிடுவதாகக் குல்வந்த் சிங்கும் சட்டர்ஜியும் வரும்போதே சொல்லிவிட்டார்கள்.

சங்கத்துக்கு லோகோ செய்து தர ஒப்புக்கொண்ட மேதா முதலில் வரைந்தது ஒரு வீடு. குல்வந்த் சிங் அதில் கோதுமைக் கதிர் கேட்டார். கதிர் வந்ததும் சட்டர்ஜிக்கு மீன் வேண்டியிருந்தது. மீனும் வந்த பிறகு, கோபுரம் இல்லையே என்று சேஷனுக்கே உறுத்தியது.

"எல்லாத்தையும் திணிச்சா ரப்பர் ஸ்டாம்ப்ல வெறும் மைக்கறைதான் மாமா விழும்" என்று மேதா அலுத்துக்கொண்டாள். யார் காதில் வாங்கினார்கள்?

இன்று அத்தனையையும் எடுத்துவிட்டு, சந்து முனை மின்கம்பத்தை வரைந்து வந்திருந்தாள். ஒரே கம்பம். அதிலிருந்து எல்லா வீடுகளுக்கும் கிளம்பும் வண்ண வண்ண ஒயர்கள். சேஷனுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. ஆனால் அதன் தலையில் இந்தப் பாழாய்ப்போன காகம்!

"எங்க மொட்டைமாடியில ரொட்டி திருடறதே இதுதான்" என்றாள் கூட்டத்துக்கு வந்திருந்த ஷபானா.

"அபசகுனம்!" என்றார் சட்டர்ஜி.

"கம்பம்னா காக்கா உட்காராதா அங்கிள்? பாவம், இருந்துட்டுப் போகட்டுமே." மேதா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் நகக்கண்ணில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"முடியவே முடியாது!" என்றார்கள் மூவரும். அவர்கள் ஒரே குரலில் பேசி சேஷன் கேட்டதே இல்லை.

அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு மேதா பெருமூச்சு விட்டாள். "அச்சா, காக்காயை எடுத்துடறேன். மத்ததெல்லாம் ஓகேவா?"

"ஓகே, ஓகே!"

கோதுமையும் மீனும் யாருக்கும் நினைவே இல்லை. காகத்தை ஜெயித்த சந்தோஷத்தில் கைகுலுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள்.

சேஷனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏம்மா, யாராவது லோகோவுல காக்காயைக் கொண்டுவந்து வைப்பாளா? இருந்த நேரமும் போச்சு! சாயங்காலம் சங்க ஆபீஸ் திறப்பு விழா. இனிமே பெயிண்டரை எங்கே போய்ப் பிடிக்கறது? அவன் எப்போ போர்டு எழுதி, அது எப்போ காயறது?"

மேதா லேப்டாப்பை மூடினாள்.

"காக்கா இல்லாத போர்டு காலைலேர்ந்தே மாடில காஞ்சிண்டிருக்கு, மாமா."