கூடுதலாக இரண்டு தோசை

அந்த சாம்பார்பொடி கம்பெனியின் வாசல் எந்திரம், ஊழியர்களின் வேலை நினைவுகளை மாலையில் உருவிக்கொண்டு காலையில் திருப்பித் தரும். முதலாளிக்கு மட்டும் விலக்கு. முதலாளியாவது, தன் ரகசியத்தை வெளியே சொல்வதாவது!

அப்படியும் பொடியின் பக்குவம் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது. துப்பறியக் கிளம்பிய மேனேஜர் சிங்காரவேலு, சாப்பாட்டு டப்பாக்களைக்கூடக் கிளறினார். பேக்கிங் மரகதவல்லியின் டப்பாவில் இரண்டு தோசை அதிகம்.

“யாருக்கும்மா இது?”

“பக்கத்துல உக்கார்ற ஜெபமணி அக்காவுக்கு சார். அவங்க சாப்பாடு கொண்டாரதில்ல.”

“வீட்ல இருக்கும்போது ஜெபமணி எப்படி ஞாபகம் வந்துச்சு?”

“ஞாபகமெல்லாம் வரல சார். கை தானா ரெண்டு கூட ஊத்திடுது.”

“ஆக, வேலை நினைப்பு வீடுவரைக்கும் கசிஞ்சிருக்கு!” சிங்காரவேலு துள்ளிக் குதித்தார்.

அடுத்த அறையில் முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தார்: “வெந்தயத்தை வறுக்காம போடுறோமே மச்சான், அதைக்கூட எவனோ வெளிய சொல்லிட்டான்!” ஆபீஸ் முழுவதும் கேட்டது. துப்பறிந்தவர் காதில் மட்டும் விழவில்லை.

அன்றே மரகதவல்லியை வேலையை விட்டு அனுப்பினார்கள். வாசலில் உருவிய நினைவு உருவியதுதான்.

மறுநாள் காலையிலும் அவள் இரண்டு தோசை கூடுதலாக ஊற்றினாள். டப்பாவை மூடிவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் நின்றாள்.