ஆறாயிரம் வாட்

கல்யாண வீட்டில் கரோக்கே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் ஏரம்பமூர்த்தி.

"இது முடியாது பஷீர். லோட் தாங்காது. போட்டா மொத்த வீட்டுக்கும் கரண்ட் போயிடும்."

பாயான் பாருவில் அந்தத் தெருவே அன்று காலையிலிருந்து தலைகால் புரியாமல் இருந்தது. நிக்காஹ் முடிந்து, ரோட்டை அடைத்துப் போட்ட கூடாரத்தில் பிரியாணி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஹஸ்ருல் விடாமல் சிரித்துக்கொண்டே இருந்ததால், ஒரு படத்துக்காவது வாயை மூடும்படி கேமராக்காரர் கெஞ்சினார். மணப்பெண் அஃப்ரீனுக்கோ அவனைப் பார்க்கும்போதெல்லாம் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

அந்த நேரத்தில்தான் இந்த பிளக் விவகாரம்.

அஃப்ரீனின் அத்தா பஷீர் பாட்டுக்குப் பேர் போனவர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் மைக் கடைசியில் அவர் கைக்குத்தான் வரும். ஒரே மகளின் கல்யாணத்தில் பாடப்போவதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்பதற்கென்றே நிபோங் திபாலிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள்.

மூர்த்தி பக்கத்து வீட்டுக்காரர். முப்பத்தைந்து வருஷம் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தபோதே, கரண்ட் அளக்கும் மீட்டரோடு சுற்றி வந்து, விசிறி, விளக்கு, சாப்பாடு சூடுபண்ணும் பெட்டி என்று ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். இன்னும் மூவாயிரம் வாட்தான் மிச்சம், கரோக்கே மட்டும் ஆறாயிரம் இழுக்கும் என்றார்.

பஷீர் கொதித்துப்போனார். பெற்ற மகள் கல்யாணத்தில் பாடாமல் வேறு எப்போது பாடுவது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். அஃப்ரீனின் பெரியம்மா ஆசியா பீவி, நாலு பேர் சந்தோஷமாக இருந்தால் சிலருக்குப் பொறுக்காது என்று மூர்த்தியின் காதில் விழும்படியே சொன்னார்.

மூர்த்தி தாளை மேசையில் வைத்துவிட்டு வீட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

அஃப்ரீனுக்கு அந்த ஆறாயிரம் உறுத்தியது. அவள் ஃபேக்டரியில் சர்க்கிட் போர்டு சோதிக்கும் இன்ஜினியர். அந்தத் தாளைக் கொஞ்சம் எடுத்து வரும்படி ஹஸ்ருலிடம் கேட்டாள். கல்யாணமான பிறகு பெண்டாட்டி கேட்ட முதல் பொருள் அது. ஓடிப்போய் எடுத்து வந்தான்.

சூடுபண்ணும் பெட்டி: 240 வோல்ட், 10 ஆம்பியர். வோல்ட்டைக் கரண்டால் வகுத்து ரெசிஸ்டன்ஸ் 24 ஓம். இரண்டையும் பெருக்கிப் பவர் 2400 வாட். சரி.

கரோக்கே: 240 வோல்ட், 2.5 ஆம்பியர். வகுத்தால் 96 ஓம். அதுவும் சரி. பவர்?

"இருநூத்தி நாப்பதை ரெண்டரையால பெருக்கினா எவ்வளவு?"

"இன்னிக்கு என்கிட்ட கணக்கு கேட்காதே லா," என்றான் ஹஸ்ருல். "என் பேரையே யோசிச்சுத்தான் சொல்றேன்."

"அறுநூறு. அங்கிள் ஒரு சைபர் கூடப் போட்டிருக்காரு."

மூர்த்தி சைபரைத் தவறவிடுகிற ஆளில்லை. கல்யாணப் பத்திரிகையில் கிழமை தப்பாக அச்சாகியிருந்ததைக் கண்டுபிடித்தவரே அவர்தான். அப்படியென்றால் தெரிந்தேதான் போட்டிருக்கிறார். அஃப்ரீனுக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்து பார்த்த மனுஷர். அத்தாவின் சந்தோஷத்தில் இவருக்கு என்ன வயிற்றெரிச்சல்?

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். மணப்பெண் விறுவிறுவென்று சமையலறைப் பக்கம் போவதைப் பார்த்து, பசி போலிருக்கிறது என்று யாரோ சிரித்தார்கள்.

பின்வாசலில் தனியாக உட்கார்ந்து சிராப் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் மூர்த்தி. அவள் தாளை நீட்டினாள்.

"சூடுபண்ணுற பெட்டியை விட கரோக்கேக்கு ரெசிஸ்டன்ஸ் நாலு மடங்கு இருக்கு. அப்போ பவர் கால் பங்காதானே குறையணும், அங்கிள்? இது எப்படி ஆறாயிரமாச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ பார்ப்பேன்னு நினைக்கலை, பிள்ளை."

"ஏன் இப்படிச் செஞ்சீங்க? அத்தா ஒரு மாசமா பாடிப் பழகினாரு."

"பழகினான். முந்தாநாள் என் வீட்டுக்கு வந்தும் பாடினான். மூணு தரம். மூணு தரமும் ரெண்டாவது வரி வரைக்கும்தான் போக முடிஞ்சுது. அதுக்கு மேல உன் பேரைச் சொல்லி ஒரே அழுகை."

அஃப்ரீன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தனை பேர் முன்னால நான் அழுதா புள்ளையும் அழும், மாட்டேன்னு சொல்லவும் வெக்கமா இருக்கு, நீங்களே ஏதாவது கணக்குப் போட்டு நிறுத்திடுங்க அண்ணேன்னு கேட்டான். என்னைக் கொஞ்சம் பலமாத் திட்டு, அப்பதான் நம்புவாங்கன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

முன்பக்கம் பேச்சு இன்னும் ஓயவில்லை. அஃப்ரீன் தாளோடு திரும்பி வந்ததும் ஆசியா பீவி கையைத் தட்டி எல்லாரையும் அமர்த்தினார். நம்ம வீட்டு இன்ஜினியரே கணக்குப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள், இப்போது தெரிந்துவிடும் என்றார்.

கூட்டம் அவளையே பார்த்தது. பஷீரும் பார்த்தார். அவர் முகத்தில் இப்போது கோபம் இல்லை.

அஃப்ரீன் தாளை நாலாக மடித்தாள்.

"நானும் போட்டுப் பார்த்துட்டேன், அத்தா. அங்கிள் சொன்னதுதான் சரி. ஆறாயிரம் வாட்."