கிரீச் வாசித்த நாற்காலி

யோவ், நீ செய்தது பச்சை அநியாயம்! பாடகரே இல்லாமல், வெறும் வாத்தியங்களை வைத்து ராக் ஆல்பம் போடுகிறேன் என்று நீ கிளம்பியபோது உன்னைத் தாங்கியது யார்? இந்த இரும்பு மடக்கு நாற்காலிதானே?

நீ ஒருவனே எல்லா வாத்தியத்தையும் வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்தாய். தாளத்துக்கு நீ ஆட, நானும் கிரீச்சிட்டேன்.

"ஆம்ப்ளிஃபயர் அண்ணே, உங்க வயித்துச் சத்தமா அது?" என்று கேட்டது கிட்டார்.

"எனக்கு உறுமத்தான் தெரியும். சிணுங்கத் தெரியாது தம்பி."

"நான்தான்," என்றேன்.

"அடேங்கப்பா! உட்கார வச்சா வாசிக்கவே ஆரம்பிச்சிட்டியா?"

நீ என் மூட்டில் எண்ணெய் விட்டாய். கிரீச் நின்றது, கூடவே இசையும் சப்பென்று ஆனது. எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாய், கிரீச்சும் திரும்பி வந்தது.

ஆல்பம் ஊரெல்லாம் ஓடியது. "அந்தக் கிரீச் என்ன வாத்தியம்?" என்று எல்லோரும் கேட்டார்கள். நீ பெரிய ரகசியம்போலச் சிரித்தாய்.

இன்று உன் முதல் மேடைக் கச்சேரி. கச்சேரிக்குக் கிளம்பும் வேனில் மெத்தை வைத்த புது நாற்காலி. நானோ பழைய இரும்பு வாங்குபவர் வண்டியில்.

"அண்ணே, அந்தக் கிரீச் வர்ற இடத்துல மெத்தை என்ன பண்ணும்?" என்று வேனுக்குள் கிட்டார் பதறுகிறது.

கடைசியாகச் சொல்கிறேன், இதற்குமேல் பேரம் கிடையாது. ஆல்பத்தில் என் பெயர் போட வேண்டாம், எனக்குப் பெயின்ட்டும் வேண்டாம். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஓடி வந்து என்னை இறக்கு. மேடையில் விரித்துப் போட்டு, என்மேல் உட்கார்!