இரண்டாவது ஆல்பத்தின் கைதட்டல்

முதல் ஆல்பத்தில் அந்த ஃபங்க், சோல் இசைக்குழுவில் ஐந்து பேர். சாக்ஸபோன் வாசித்த தம்பி செத்துப்போனதால் இரண்டாவது ஆல்பத்துக்கு நான்கு பேர்தான். பாடகி அவனுடைய அக்கா.

அன்று மத்தியானம் ஒரு பாட்டில் தாளத்தோடு வரும் கைதட்டலைப் பதிவு செய்தார்கள். எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று தட்டுவதுதான் அவர்கள் வழக்கம். தம்பி எப்போதும் ஒரு நூலிழை பிந்தித்தான் தட்டுவான். அவனிடம் அக்கா கடைசியாகப் பேசியதும் அதற்கான திட்டுதான்.

"யாரோ லேட்டா தட்டுறீங்க," என்றார் கண்ணாடிக்கு அப்பால் இருந்த சவுண்ட் இன்ஜினியர்.

மறுபடி தட்டினார்கள். மறுபடியும் அதே கதைதான். அவர் ஒவ்வொருவராக வெளியே அனுப்பிப் பார்த்தார். கடைசியில் பாடகி மட்டும் மிஞ்சினாள்.

"ஒரே ஒரு தடவை தட்டுங்கம்மா."

தட்டினாள். அவள் காதுக்கு ஒரு சத்தம்தான் கேட்டது.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்த இன்ஜினியர், நிமிராமலே இரண்டு விரல்களைக் காட்டினார்.

பாடகி இந்த முறை திட்டவில்லை. கொஞ்சம் நகர்ந்து, மைக்குக்கு முன்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள்.