பாதி விலைக் காற்றுப்பை

குருண் பட்டணத்தில் பழைய கார்ச் சாமான் விற்கும் அய்யாவுவின் கடையில், காற்றடைத்த இரண்டு ரப்பர் பைகளின் மேல், பாரம் தாங்குமா என்று பார்க்கப் பலகை போட்டு எர்னஸ்டும் அவர் மனைவி லூர்து மேரியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு எர்னஸ்ட் தன் பழைய டட்சன் காருக்கு மாட்டப்போகும் பைகள் இவை. மகள் டிஃபனி அதில்தான் மாதா கோயிலுக்குக் கல்யாணப் பெண்ணாகப் போகப்போகிறாள். வேகத்தடையில் வண்டி வயிறு உரசக் கூடாது. மேரிக்குக் கீழே இருப்பது புதுசு. எர்னஸ்டுக்குக் கீழே இருப்பது லாரியில் கழற்றியது, பாதி விலை. "கல்லு மாதிரி நிக்குது லா," என்கிறார். அய்யாவு கம்ப்ரசரை அணைத்துவிட்டார். 'உஸ்' என்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் வட்டம் சற்றுமுன் எர்னஸ்டின் சட்டைப்பையில் இருந்தது. பிறகு மோவாய்க்கு வந்தது. இப்போது நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறது. அவர் முழங்கால்கள் மார்பைத் தொடுகின்றன. "அண்ணே, புதுசு வேணாம். பாருங்க, மேரி மேல போய்க்கிட்டே இருக்கா, அதுலதான் ஏதோ கோளாறு." மேரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாள். "அண்ணே, புதுசாவே நாலு எடுங்க," என்று சொல்லிவிட்டு, குனிந்து புருசனுக்குக் கை நீட்டுகிறாள். "நான் உக்காந்த எடத்துலயேதாங்க இருக்கேன்."