பத்து நொடி அபராதம்

"மகாவுக்குப் பத்து நொடி அபராதம்! பாதுகாப்பு விதி மீறல்!"

நடுவர் கஸ்தூரிரங்கன் மைக்கில் அறிவித்ததும் உஷா கொதித்துப் போனாள்.

"எந்த விதிய மீறினோம்? மனுஷனுக்குக் கண்ணு தெரியலையா?"

பொம்மனஹள்ளி தாண்டி ஒரு மைதானத்தில் பேட்டரி மாடல் விமானப் பந்தயம். மூன்று சுற்று. ரிமோட் மகாவின் கையில். ஒவ்வொரு முறை விமானம் இறங்கியதும் ஓடிப்போய் பேட்டரி மாற்றுவது தோழி உஷாவின் வேலை.

விதி எளிது. இறங்கியதும் விமானத்தின் வெளிப்பக்கம் இருக்கும் சிவப்பு பிளக்கை முதலில் பிடுங்க வேண்டும். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். அதுவரை ரிமோட்டை அணைக்கக் கூடாது. அணைத்தால் மோட்டார் தானாகவே சுற்றிவிடக்கூடும்.

"ரெண்டு தடவையும் நான் பிளக்கைப் பிடுங்கிட்டுத்தானே பேட்டரியைத் தொட்டேன்? அந்த பரத் ஜெயிக்கணும்னு சும்னே, காரணமே இல்லாம அபராதம் போட்டிருக்காரு. இரு, போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்!"

"வேணாம் உஷா. இன்னும் ஒரு சுற்று இருக்கு."

"மாநிலப் போட்டிக்கு ஒருத்தர்தான்டி போக முடியும்! இப்ப பரத் எட்டு நொடி முன்னால இருக்கான்."

"ஒன்பது," என்றாள் மகா. "பிடிச்சிடலாம், வா."

மூன்றாவது சுற்றில் மகாவின் விமானம் கொடிக் கம்பங்களை உரசாத குறையாக வளைந்து பறந்தது. இறங்கியது. உஷா பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கி உயரத் தூக்கிக் காட்டினாள். கடிகாரம் நின்றது.

ஒரு நொடி வித்தியாசத்தில் மகா முதலிடம்!

உஷா அவளை அப்படியே தூக்கிச் சுற்றினாள். பரத்தே ஓடிவந்து கைகுலுக்கினான். மைதானமே விசிலடித்தது.

கோப்பை கைக்கு வந்ததும் உஷா விடவில்லை. "இதை அந்த நடுவர் மூக்குக்கு நேரா காட்டிட்டு வாடி. பத்து நொடியைத் திருடின மனுஷன்!"

"அவர் திருடல. அவர் நம்ம பக்கம் பார்க்கவே இல்ல. நான்தான் போய்ச் சொன்னேன்."

"என்னது! உனக்கென்ன பைத்தியமா?"

"ரெண்டாவது சுற்றுல பதற்றத்துல ரிமோட்டை முதல்லயே அணைச்சுட்டேன். பிளக் அப்ப விமானத்துலயே இருந்துச்சு."

"அதான் ஒண்ணும் ஆகலையே!"

மகா கோப்பையை அவள் கையில் திணித்தாள்.

"புரொபெல்லர்கிட்ட இருந்தது இந்தக் கைதான்டி."