ஒரே வண்டியில் ஓரகத்திகள்

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க எல்லாரும் எஞ்சினை அணைத்துவிட்டதால், மரத்துக் குருவிகளின் சத்தம் கூடத் தெளிவாகக் கேட்கிறது. இளைய மருமகள் ஸ்கூட்டரை ஒரு காலால் தாங்கி நிற்கிறாள். பின்னால் மூத்தவள், இருவரின் சாப்பாட்டுப் பைகளையும் மடியில் வைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகளை, பெட்ரோல் விலைதான் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டது. இளம் வெயில் இருவரின் நிழலையும் ஒன்றாக்கித் தார்ச்சாலையில் போட்டிருக்கிறது. "பள்ளமாப் பார்த்துப் பார்த்து விடுறியே, என் இடுப்பு மேல என்னடி கோபம்?" "நீங்க இறங்கித் தள்ளினா மைலேஜ் கூடும்க்கா." மூத்தவள் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டுகிறாள்.

பக்கத்துக் காரின் ரேடியோ, நாளை முதல் பெட்ரோல் விலை குறைகிறது என்கிறது. இளையவள் பக்கக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தபடி கேட்கிறாள். "அப்ப நாளைலேர்ந்து உங்க வண்டியிலேயே போயிடுவீங்களாக்கா?" "அதுல காத்தே இல்லடி." காலையில் அந்த வண்டியை நகர்த்தி வைத்ததே இளையவள்தான். டயர் இரண்டும் கல் மாதிரி இருந்தன. "ஆமாக்கா, நானும் பார்த்தேன்" என்கிறாள்.